எழுத்துக்கு விளம்பரம் செய்த தெரு



தொலைக்காட்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர் பேச்சு எளிதில் முடிவதில்லை. ஆசிரியர் அறையிலும் சரி, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையிலும் சரி, 'பிக் பாஸ்' வீட்டில் யார் யாரோடு சண்டை, 'குக் வித் கோமாளி'யில் யார் வெளியேறினார் என்று தொடங்கும் பேச்சு, "என்ன இருந்தாலும் 'மெட்டி ஒலி' போல வருமா?" என்னும் பெருமூச்சில் போய் நிற்கும். சின்னப் பிள்ளைகளைக் கேட்டால் 'புளூயி' என்னும் நாய்க்குட்டியின் பெயரைச் சொல்வார்கள். 2018இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய அந்தத் தொடர் உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறது.

எல்லாக் காலத்துக்கும் சிறந்தது என்று ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எதைச் சொல்வது? என் விடை, அமெரிக்காவில் 1969 நவம்பர் 10ஆம் நாள் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்'. பிள்ளைகள் விரும்பிப் பார்த்த நிகழ்ச்சிகள் எத்தனையோ உண்டு. ஆனால், பார்த்த பிள்ளை எதையாவது கற்றுக்கொண்டதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் சோதித்து, 'இல்லை' என்ற விடை வந்தபோது தன்னைத் திருத்திக்கொண்ட நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். வகுப்பறையில் நிற்கும் நமக்கு அதன் வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். அலிபாபா கதையில் குகைக் கதவைத் திறக்கும் மந்திரச் சொல் நினைவிருக்கிறதல்லவா? நாம் திரைப்படத்தில் 'திறந்திடு சீசே' என்று கேட்டுப் பழகிய அந்தச் 'சீசே'தான் இந்தச் 'செசமி'. எள் என்பது அதன் நேர்ப்பொருள்.

1960களின் நடுவில் அமெரிக்காவில் பத்து வீடுகளில் ஒன்பதுக்கும் மேல் தொலைக்காட்சி இருந்தது. ஆனால், ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் முதல் வகுப்பில் கால்வைக்கும்போதே மற்றவர்களை விடப் பின்தங்கியிருந்தனர். எழுத்தறியாமல், எண்ணறியாமல் வந்தனர். அந்த இடைவெளி ஆண்டுதோறும் கூடியதே அன்றிக் குறையவில்லை. இதற்கு மருந்தாக 1965இல் 'ஹெட் ஸ்டார்ட்' என்னும் அரசுத் திட்டம் தொடங்கப்பெற்றது. எனினும் எல்லாப் பிள்ளைகளையும் பாலர் பள்ளியில் சேர்க்கப் போதிய இடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை.

இந்தச் சூழலில்தான் 1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு விருந்து நடந்தது. விருந்தளித்தவர் ஜோன் கான்ஸ் கூனி என்னும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர். வந்திருந்தவர்களுள் ஒருவர் லாயிட் மோரிசெட். உளவியல் கற்றவர், கார்னகி அறவாரியத்தில் உயர்பொறுப்பில் இருந்தவர். அவருடைய மூன்று வயது மகள் விடியற்காலையில் எழுந்து, நிகழ்ச்சி எதுவும் தொடங்காத நேரத்தில், திரையில் அசையாமல் நிற்கும் சோதனைப் படத்தையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பாளாம். விளம்பரப் பாடல்கள் அவளுக்கு மனப்பாடம். "தொலைக்காட்சியைக் கொண்டு பிள்ளைகளுக்கு எதையேனும் கற்பிக்க முடியுமா?" என்று மோரிசெட் கூனியிடம் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்து எல்லாம் தொடங்கிற்று.

கூனி அம்மையார் ஊர் ஊராகச் சென்று கல்வியாளர்களைக் கண்டு பேசி அறிக்கை எழுதினார். நடுவணரசின் கல்வி அலுவலகம், கார்னகி, ஃபோர்டு அறவாரியங்கள் ஆகியவை தந்த நிதி ஏறத்தாழ 80 இலட்சம் டாலர். 1968 கோடையில் ஹார்வார்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரால்டு லெஸ்ஸர் தலைமையில் கருத்தரங்குகள் நடந்தன. ஆசிரியர்கள், உளவியலார், எழுத்தாளர்கள், ஓவியர்கள், தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். நீண்ட தலைமுடியும் தாடியுமாக ஒருவர் பின்வரிசையில் வந்து அமர்ந்தாராம். 'இவர் யாரோ கலகக்காரர் போலிருக்கிறதே' என்று கூனி அஞ்சினாராம்! அவர்தான் பொம்மைக் கலைஞர் ஜிம் ஹென்சன். பிற்காலத்தில் உலகம் முழுவதும் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொண்ட பொம்மைகள் அவர் கைவண்ணத்தில் உருவானவையே.

விளம்பரப் பாட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிறது என்றால், எழுத்துக்கே விளம்பரம் செய்தால் என்ன? இதுதான் அவர்கள் கண்ட வழி. சோப்புக்கும் பற்பசைக்கும் செய்வதைப் போன்றே ஓர் எழுத்துக்கு, ஓர் எண்ணுக்குக் குட்டிக் குட்டி விளம்பரப் படங்கள் எடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் நிகழ்ச்சியின் முடிவில், இன்றைய நிகழ்ச்சியை வழங்கியவர் இன்ன எழுத்து, இன்ன எண் என்று அறிவிப்பு வரும்.

நான் வியந்து படித்தது அவர்களுடைய ஆய்வுமுறையைத்தான். ஆய்வுப் பொறுப்பாளர் எட்வர்டு பால்மர் ஓர் எளிய ஏற்பாட்டைச் செய்தார். ஒரு பக்கம் தொலைக்காட்சி. அதன் அருகில் இன்னொரு திரை. அந்தத் திரையில் ஏறத்தாழ 8 வினாடிக்கு ஒரு முறை வேறு வேறு வண்ணப் படங்கள் மாறும். பிள்ளையின் கண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருவர் விடாமல் குறித்துக்கொண்டே இருப்பார். கண் விலகிய இடமெல்லாம் நிகழ்ச்சியின் குறை. நம் பாடவேளையில் இப்படி ஒருவர் பின்னால் அமர்ந்து குறிப்பெடுத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். கொஞ்சம் வியர்க்கத்தான் செய்தது.

1969 சூலையில் ஐந்து மாதிரி நிகழ்ச்சிகளை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். பொம்மைகள் வரும்போது பிள்ளைகள் அசையாமல் பார்த்தனர். தெருவில் மனிதர்கள் மட்டும் பேசும் காட்சி வந்தாலோ கண் வேறெங்கோ போயிற்று. இதில் ஒரு சிக்கல் இருந்தது. கற்பனையையும் நடப்பையும் கலந்தால் பிள்ளை குழம்பிவிடும். பொம்மையையும் மனிதரையும் ஒரே காட்சியில் காட்டாதீர்கள் என்று அறிவுரை சொன்னவர்கள் உளவியல் அறிஞர்கள். அறிஞர் சொல்லைக் கேட்பதா, பிள்ளையின் கண்ணைக் கேட்பதா? அவர்கள் பிள்ளையின் கண்ணைக் கேட்டார்கள். மனிதர் வாழும் தெருவிலேயே 8 அடிக்கு மேல் உயரமான 'பிக் பேர்ட்' என்னும் மஞ்சள் பறவையும், குப்பைத் தொட்டிக்குள் குடியிருக்கும் 'ஆஸ்கர்' என்னும் முசுடும் வந்து சேர்ந்தது அதன் பின்னர்தான்.

முதலாம் ஆண்டு ஆசிரியர்களுக்குப் பிடிக்கக்கூடிய செய்தி இன்னொன்று. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்னும் நடிகர் ஆங்கில எழுத்துகளை மிக மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டுச் சொல்வதாக ஒரு காட்சி. எழுத்து முதலில் திரையில் தோன்றும். சற்றுப் பொறுத்தே அவர் வாய் திறப்பார். முதல்முறை பார்த்த பிள்ளைகள் அவர் சொன்ன பின் சொன்னார்கள். மீண்டும் மீண்டும் பார்த்த பிறகு எழுத்தைக் கண்டவுடன், அவரை முந்திக்கொண்டு கூவினார்கள்! அந்தச் சில வினாடி அமைதியில்தான் கற்றல் நடந்தது. பிள்ளை யோசிக்கும் முன்னரே விடையைச் சொல்லிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

எல்லாரும் வரவேற்றார்கள் என்று எண்ண வேண்டா. அந்தத் தெருவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அண்டை வீட்டாராக வாழ்ந்தார்கள். நடுநாயகமாக இருந்த கோர்டனும் சூசனும் கறுப்பினத் தம்பதியர். 1970 மே திங்களில் மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சிக் குழு, இந்தக் காரணத்துக்காகவே நிகழ்ச்சியை ஒளிபரப்புவதில்லை என்று வாக்களித்தது. செய்தி நாளேட்டில் வெளிவந்து கண்டனம் எழுந்ததால் 22 நாள்களில் முடிவை மாற்றிக்கொண்டது. 1971இல் பிரிட்டனின் பிபிசியும் இதனை வேண்டா என்றது. இது குழந்தைகளை ஓர் அச்சில் வார்க்கப் பார்க்கிறது என்பது அங்கிருந்த சிறுவர் நிகழ்ச்சித் தலைவர் மோனிகா சிம்சின் மறுப்பு. அவருடைய ஐயத்தை நான் முற்றாகத் தள்ளிவிட மாட்டேன். பிள்ளைகளுக்கான எதையும் அப்படி ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லதே.

சரி, பிள்ளைகள் கற்றார்களா? முதலாண்டு முடிவில் கல்வித் தேர்வுச் சேவை நிறுவனத்தார் ஐந்து வட்டாரங்களில் 943 பிள்ளைகளைச் சோதித்தனர். அதிகமாகப் பார்த்த பிள்ளை அதிகமாகக் கற்றிருந்தது. கேட்பதற்கு இனிக்கும் முடிவு. ஆனால், 1975இல் தாமஸ் குக் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் அதே கணக்குகளை மறுபடியும் எடுத்துப் பார்த்தனர். அவர்கள் கண்டது வேறு. பெரிய முன்னேற்றம் கண்டவர்களுள் பலர், ஆய்வாளர்களே வீடு தேடிச் சென்று 'இதைப் பாருங்கள், பிள்ளையோடு பேசுங்கள்' என்று ஊக்கப்படுத்திய குடும்பத்துப் பிள்ளைகள். அத்தகைய ஊக்கம் இல்லாத இடத்தில் பயன் குறைவு. வசதியுள்ள வீடுகளிலும் பிள்ளைகள் இதைப் பார்த்ததால், ஏழைப் பிள்ளைக்காகத் தொடங்கிய நிகழ்ச்சி இடைவெளியைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டிவிடவும் கூடும் என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

பெற்றோர்களே, இந்த இடத்தைச் சற்று நின்று படியுங்கள். திரைக்கு முன்னால் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு நாம் அடுக்களைக்குப் போய்விடுவதற்கும், பக்கத்தில் அமர்ந்து "அது என்ன எழுத்து?" என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அந்தக் கணக்குகளில் அன்றே பதிவாகியிருக்கிறது. கைப்பேசியில் 'கோகோமெலன்' ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தாதா?

வழக்கு அத்தோடு முடியவில்லை. மெலிசா கெர்னி, பிலிப் லெவின் என்னும் பொருளியலார் இருவர் 2015இல் முதலிலும் 2019இல் முழுமையாகவும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1969இல் இந்நிகழ்ச்சி சில ஊர்களில் நல்ல அலைவரிசையிலும், வேறு சில ஊர்களில் எளிதில் பிடிபடாத யுஎச்எஃப் அலைவரிசையிலும் வந்தது. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினருக்கே அது கிடைத்தது. ஆக, எந்தப் பிள்ளை பார்க்க முடிந்தது என்பதைக் குடும்பத்தின் வசதியைக் காட்டிலும் ஊரின் அலைவரிசையே முடிவு செய்தது. இரு வகை ஊர்களையும் ஒப்பிட்டபோது, நல்ல அலைவரிசை கிடைத்த ஊர்ப் பிள்ளைகள் தம் வயதுக்குரிய வகுப்பில் பின்தங்குவது 14 விழுக்காடு குறைந்திருந்தது. கறுப்பினப் பிள்ளைகளிடமும், ஆண் பிள்ளைகளிடமும், ஏழ்மை மிக்க பகுதிகளிலும் பயன் கூடுதலாகத் தெரிந்தது. அவர்கள் வளர்ந்த பின் பெற்ற வருமானத்திலும் வேலையிலும் இத்தனைத் தெளிவான பயன் காணப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

யாருக்குக் கிடைக்கிறது என்னும் கேள்வி பிற்காலத்திலும் விடவில்லை. 2016 முதல் புதிய நிகழ்ச்சிகள் கட்டண அலைவரிசையான எச்பிஓவில் முதலில் வந்து, ஒன்பது திங்கள் கழித்தே பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்சுக்குச் சென்றன. பணம் கட்டுவோர் பிள்ளைக்கு முதற்பந்தி! 2025இல் நெட்பிளிக்சுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் இரண்டிலும் ஒரே நாளில் வெளியிட வழி செய்யப்பட்டது. ஆனால், அதே ஆண்டு சூலையில் பொது ஒளிபரப்புக்கான நடுவணரசு நிதியை அமெரிக்க நாடாளுமன்றம் விலக்கிக்கொண்டது.

எண்களை விட்டு இனி மனத்துக்கு வருகிறேன். அந்தத் தெருவில் கடை வைத்திருந்தவர் ஹூப்பர் என்னும் முதியவர். வேடமேற்ற வில் லீ, 1950களில் அரசியல் காரணங்களுக்காகத் திரையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்ட நடிகர். 1982 திசம்பர் 7ஆம் நாள் அவர் மறைந்தார். இன்னொரு நடிகரைப் போட்டிருக்கலாம். 'வெளியூர் போய்விட்டார்' என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்றே சொல்வது என முடிவெடுத்து, அறிஞர்களைக் கலந்து, முன்கூட்டியே பிள்ளைகளிடம் காட்டிச் சோதித்தார்கள். 'தூங்கிவிட்டார்' என்ற சொல் வரக்கூடாது; வந்தால் பிள்ளை இரவில் தூங்க அஞ்சும். 'நோயுற்றார்' என்பதும் கூடாது. காய்ச்சல் வந்தாலே சாவு என்று பிள்ளை நினைக்கும். 1983 நவம்பர் 24, நன்றியறிதல் திருநாள். பெற்றோர் வீட்டில் பிள்ளையோடு இருக்கும் நாள் என்பதால் அதனைத் தேர்ந்தெடுத்தார்கள். தான் வரைந்த படங்களை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, ஹூப்பருக்கான படத்துடன் பறவை அவரைத் தேடுகிறது. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்லச் சொல்கிறார்கள். அந்த நடிகர்கள் கண்களில் தெரியும் நீர் நடிப்பு அன்று என்பது பார்ப்பவர் எவருக்கும் விளங்கும்.

சோதனை அவர்களுக்கு எப்போதும் சாதகமாகவே அமைந்ததும் இல்லை. 1992இல் பெற்றோர் மணமுறிவு பற்றி இதே அக்கறையோடு ஒரு நிகழ்ச்சியை எடுத்தார்கள். பறவையின் தோழனான யானை போன்ற பெரிய பொம்மையின் அப்பா வீட்டை விட்டுப் போய்விடுகிறார். மழலையரிடம் காட்டியபோது பலர் குழம்பினர், அழுதனர். அம்மாவும் அப்பாவும் ஒரு நாள் சண்டையிட்டாலே வீடு பிரிந்துவிடும் என்று எடுத்துக்கொண்டனர். செலவு செய்து எடுத்து முடித்த நிகழ்ச்சி ஒளிபரப்பாகவே இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2012இல், அதே பொருளை மீண்டும் கையிலெடுத்தார்கள். இம்முறை தொலைக்காட்சியில் போடவில்லை. அத்தகைய நிலையிலுள்ள குடும்பங்கள் தாமே தேடி எடுத்து, பெரியவர் ஒருவர் பிள்ளையோடு அமர்ந்து பார்க்கும்படி இணையத்தில் வைத்தார்கள்.