மழைக்கு ரூம்ல சீட்டுக்கச்சேரியா? நட்பு கெடாம ஆட 5 வழிகள்!

குற்றாலத்துல சீசன். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்துல ஆளுக்கு நூறு செல்ஃபி எடுத்தாச்சு. சாயங்காலம் ஐந்தருவிக்குப் போனா, 'தண்ணி அதிகம், குளிக்கத் தடை'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வெளியே சாரல், ரூம்ல ஆறு பேர். யாரோ ஒருத்தர் பையில இருந்து ரெண்டு சீட்டுக்கட்டை எடுக்குறார்.

அடுத்த மூணு மணி நேரம் ட்ரிப்லயே பெஸ்ட்டா அமையலாம். இல்லைன்னா, ஊர் திரும்புற பஸ்ல ரெண்டு பேர் பேசிக்காமலே வரலாம். ரெண்டுல எது நடக்கும்ங்கிறது கையில வந்த கார்டைப் பொறுத்தது இல்ல. தோக்குறவரை மத்தவங்க எப்படி நடத்துறீங்கங்கிறதைப் பொறுத்தது.

1. ரூல்ஸை முதல்லயே பேசிடுங்க

13 கார்டு ரம்மி இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். வழக்கமா முதல் கார்டு எடுக்குறதுக்கு முன்னாடியே டிராப் பண்ணினா 20 பாயின்ட், நடுவுல டிராப்னா 40, ஃபுல் கவுன்ட் 80. ஜோக்கர் சேராத ஒரு சீக்வென்ஸ் கட்டாயம். உங்க செட்டுல வேற கணக்குன்னா, கார்டு போடுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. பாதி ஆட்டத்துல 'எங்க வீட்ல இப்படித்தான்'னு ஆரம்பிச்சா, அங்கேதான் முதல் சண்டை.

2. காசு வேண்டாம், புளியங்கொட்டை போதும்

'பத்து ரூபாதானே'ன்னு ஆரம்பிக்கும். அப்புறம் 'விட்டதைப் பிடிக்கிறேன்'னு ஒருத்தர் எழுந்திருக்கவே மாட்டார். வேலையில இருக்குறவருக்குப் பத்து ரூபா சாதாரணம். வேலை தேடிக்கிட்டு இருக்குற ஃப்ரெண்டுக்கு அப்படி இல்ல. அதை அவர் வாய் திறந்து சொல்லவும் மாட்டார். அதனால ஆளுக்கு 50 புளியங்கொட்டை கொடுத்துடுங்க. பந்தயம் இல்லாம சுவாரஸ்யம் இல்லையா? அதிகமா ஜெயிச்சவர்தான் ராத்திரி எல்லோருக்கும் பார்டர் பரோட்டா வாங்கித் தரணும்னு தலைகீழா வைங்க!

3. புதுசா வந்தவருக்கு ரெண்டு ரவுண்ட் இலவசம்

முதல் ரெண்டு ஆட்டத்தை எல்லோரும் கார்டைத் திறந்து வெச்சே ஆடுங்க. தப்பா டிக்ளேர் பண்ணினா, முதல் தடவை 80 போடாம விட்டுடுங்க. எப்போ டிராப் பண்ணணும்னு அவருக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்க. கத்துக்குற வரைக்கும் நஷ்டத்தைக் குறைக்குறது அதுதான்.

4. பின்னாடி நின்னு சொல்லிக் கொடுக்காதீங்க

உலகம் முழுக்க போக்கர் டேபிள்ல ஒரு மரியாதை உண்டு: ஒருத்தர் கார்டை அவர் மட்டும்தான் ஆடணும். பக்கத்துல எட்டிப் பார்த்து 'அதை ஏன் போட்ட?'ன்னு கேட்டா, அவரோட கார்டும் வெளியே தெரிஞ்சிடும், மூடும் போயிடும். ஆட்டம் முடிஞ்சதும் போஸ்ட்மார்ட்டமும் வேண்டாம். அவரா கேட்டா மட்டும் சொல்லுங்க.

5. ஜெயிச்சா அலட்டாதீங்க

ஜெயிக்கிற கார்டைக் கையில வெச்சுக்கிட்டே, தோத்த மாதிரி நடிச்சு மெதுவா காட்டுறதை போக்கர்ல 'ஸ்லோ ரோல்'னு சொல்வாங்க. ரூல்படி தப்பில்ல. ஆனா, டேபிள்ல யாருக்கும் பிடிக்காது. பேசிப் பேசி வெறுப்பேத்துறதும் அப்படித்தான். எதிர்ல இருக்குறவர் சிரிக்கிறதை நிறுத்திட்டார்னா, நீங்களும் நிறுத்திடுங்க.

சட்டம் என்ன சொல்லுது?

ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம்னு 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா, அதை வெச்சு ஒரு இடத்துல சூதாட்டமோ, நடத்துறவங்களுக்கு லாபமோ நடந்தா குற்றமாகலாம்னும் அதே தீர்ப்பு சொல்லுது. போன்ல காசு கட்டி ஆடுற கேம்களுக்கு எதிரா 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் தடைச் சட்டமே நிறைவேத்திடுச்சு. ஆன்லைன் ரம்மியில பணத்தை இழந்து உயிரை விட்டவங்க பத்தின செய்திகள் தமிழ்நாட்டுல நமக்குப் புதுசு இல்லையே.

கடைசியா ஒண்ணு. எப்போ முடிக்கிறதுன்னு ஆரம்பிக்கும்போதே முடிவு பண்ணிடுங்க. முடியுற நேரத்துல, ரொம்பத் தோத்தவரே 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்டா'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார்னா, கச்சேரி நல்லா நடந்திருக்குன்னு அர்த்தம். தாராளமா கார்டைக் கலைங்க!