ஏழு புலங்கள்

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ‘எட்சி’ என்னும் அடைவில் கடவுச்சொல் கோப்பு ஒன்று உண்டு. பயனர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. வரிக்கு ஏழு புலங்கள். அவற்றைப் பிரிப்பது முக்காற்புள்ளி. லினக்ஸில் அதைத் திறந்து பார்ப்பவர் கடவுச்சொல் எதையும் காணமாட்டார். இரண்டாம் புலத்தில் ‘எக்ஸ்’ என்ற ஒற்றை எழுத்து மட்டும் நிற்கும். வெறுமையாகிவிட்ட அப்புலம் ஏன் நீக்கப்படவில்லை என்பதற்கான விடை, அக்கோப்பை வாசித்த நிரல்களின் வரலாற்றில் இருக்கிறது.

பெல் ஆய்வகத்தின் 1971ஆம் ஆண்டு யூனிக்ஸ் கையேடு இக்கோப்பை ஐந்து புலங்களோடு விவரிக்கிறது. குழு எண்ணும் இன்னொன்றும் பின்னர் சேர்ந்தன. அந்த இன்னொன்று விந்தையானது. அச்சுப்பணிகளை ஆய்வகத்தார் ஜிகாஸ் இயங்குதளம் ஓடிய வேறொரு பெரிய கணினிக்கு அனுப்பிவந்தனர். அங்கே தேவைப்பட்ட அடையாளக் குறிப்பை வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்தக் கணினி மறைந்து பல்லாண்டுகள் ஆகியும், பயனரின் முழுப்பெயரைத் தாங்கும் ஐந்தாம் புலம் இன்றும் ‘கீகாஸ்’ என்றே அழைக்கப்படுகிறது.

1977இல் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் தம் பெயர்களின் முதலெழுத்துகளால் ‘ஆக்’ என்னும் மொழியை உருவாக்கினர். வரியைப் பதிவாகவும் அதன் துண்டுகளை எண்ணிட்ட புலங்களாகவும் கொள்ளும் அம்மொழிக்கு இக்கோப்பு அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்தது. பிரிப்பானை முக்காற்புள்ளி என அறிவித்து, மூன்றாம் புலம் சுழியாக உள்ள வரிகளைக் கேட்டால் போதும். நிர்வாகியின் முழு அதிகாரம் பெற்ற கணக்குகள் யாவும் வந்துவிடும். எந்தப் பெயரில் மறைந்திருந்தாலும் பயனர் எண் சுழியென்றால் அதிகாரம் அதுவே. கணினி நிர்வாகிகள் இத்தகைய ஒற்றைவரி நிரல்களை எழுதிக் குவித்தனர். 1987இல் வந்த பெர்ல் மொழியும் இவ்வழக்கத்தைத் தொடர்ந்தது.

இந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது. கோப்புகளின் பட்டியலில் பயனர் எண்ணுக்குப் பதில் பெயரைக் காட்ட, சாதாரணப் பயனரின் நிரலும் இக்கோப்பை வாசித்தாக வேண்டும். ஆகவே மறையாக்கப்பட்ட கடவுச்சொற்களும் எல்லார் கண்ணிலும் பட்டன. ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில், தாம் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 2,831 மிகக் குறுகியவையாகவோ அகராதி முதலியவற்றில் கிடைப்பவையாகவோ இருந்ததைக் காட்டினர். மறையாக்கத்தை உடைக்கத் தேவையில்லை. ஊகித்த சொல்லை மறையாக்கி ஒப்பிட்டாலே போதும்.

1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய புழுநிரல் அதைத்தான் செய்தது. பயனர் பெயர், அதன் தலைகீழ் வடிவம், கீகாஸ் புலத்திலிருந்த இயற்பெயர், பிறகு தன்னகத்தே கொண்ட 432 சொற்கள் என்று வரிசையாக ஊகித்தது. நிர்வாகியின் ஒற்றைவரிக்கு உதவிய புலப்பிரிப்பே புழுவுக்கும் உதவிற்று. அதை எழுதியவர் மேற்சொன்ன மாரிஸின் மகன்.

1980களின் இறுதியில் தொடங்கி, மறையாக்கக் கடவுச்சொற்கள் நிர்வாகி மட்டுமே வாசிக்கத்தக்க ‘ஷாடோ’ போன்ற தனிக் கோப்புகளுக்குப் பெயர்ந்தன. ஆனால் இரண்டாம் புலத்தை அகற்ற இயலவில்லை. ஆக் நிரலுக்குப் புலத்தின் பெயர் தெரியாது. இடம் மட்டுமே தெரியும். ஒரு புலம் குறைந்தால் குழு எண் மூன்றாம் இடத்துக்கு வந்துவிடும். சுழியைத் தேடும் தணிக்கை நிரல் பிழைச்செய்தி ஏதுமின்றித் தவறான கணக்குகளைக் காட்டும். பிழைச்செய்தி இல்லாத பிழையே நிர்வாகிக்கு மிகக் கொடியது. பிஎஸ்டி மரபினர் பத்துப் புலங்கள் கொண்ட புதிய முதன்மைக் கோப்பை ஏற்படுத்தினர். ஆயினும் பழைய நிரல்களுக்காக அதிலிருந்து ஏழுபுலக் கோப்பொன்றைத் திரும்பத் திரும்ப உருவாக்கிக்கொண்டே இருக்கின்றனர். அதன் இரண்டாம் புலத்தில் ‘எக்ஸ்’ எழுத்துக்குப் பதில் ஓர் உடுக்குறி.