அதிபர் ஹண்டி பேரின்பநாயகம்

ஆசிரியர்களுடைய வாழ்க்கை வரலாறுகள் நம் நாட்டில் அதிகம் எழுதப்படுவதில்லை. கல்லூரியைத் தாபித்தவர் பெயர் கல்லில் இருக்கும். பொருள் உதவியவர் பெயர் மண்டபத்தின் முகப்பில் இருக்கும். ஆண்டுக்கணக்காக வகுப்பறையில் நின்று கற்பித்தவர் பெயரோ, பிரியாவிடை நாளிலே சூட்டிய மாலையோடு வாடிவிடுவதே வழக்கம். இவ்வழக்குக்கு விலக்காய் நின்ற சிலருள் ஒருவர் ஹண்டி பேரின்பநாயகம். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராகவும், பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரியில் அதிபராகவும் பணிபுரிந்து இளைப்பாறியவர் அவர். இலங்கையின் அரசியல் வரலாற்றை எழுதுவோர் அவர் பெயரைத் தவிர்த்து எழுத முடியாமைக்குக் காரணம், கரும்பலகைக்கு முன் அவர் சொன்னவற்றைக் கரும்பலகைக்கு வெளியேயும் செய்துபார்க்கத் துணிந்தமையேயாகும்.

பேரின்பநாயகம் 1899ஆம் ஆண்டில் மானிப்பாயிலே பிறந்தவர். உயர்தரக் கல்வி பெற்ற இடம் யாழ்ப்பாணக் கல்லூரி. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி 1855இல் மூடப்பட்டபின், அதன் வழித்தோன்றலாக 1872இல் எழுந்தது அக்கல்லூரி. ஆங்கிலக் கல்வியோடு தமிழ்க் கல்வியையும் பேணிய மரபு அவ்விடத்துக்கு உண்டு. அம்மரபில் ஊறிய மாணவன் பின்பு அங்கேயே ஆசிரியராய் அமர்ந்தார். ஆங்கிலம் கற்றவன் அரசாங்க உத்தியோகத்தையே நாடிய காலம் அது. கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞர்களை அனுப்புவதே கல்லூரிகளின் பெருந்தொண்டு எனப் பெற்றோர் எண்ணியிருந்த காலமுமாகும்.

1924ஆம் ஆண்டிலே, இருபத்தைந்து வயது கொண்ட இவ்விளைஞரும் அவர் நண்பரும் சேர்ந்து யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் என்னுஞ் சங்கத்தைத் தோற்றுவித்தனர். பின்னாளில் அதுவே இளைஞர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அதன் முன்னணியில் நின்றோரிற் பலர் ஆசிரியர்களாயிருந்தமை கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் ஸ்கந்தவரோதயக் கல்லூரி அதிபராய் விளங்கிய 'ஒறேற்றர்' சுப்பிரமணியம், கல்வியாளர் கே. நேசையா முதலியோர் அவருட் சிலர். நாட்டின் பூரண சுதந்திரம், இனங்களின் ஒற்றுமை, சாதி வேற்றுமை ஒழிதல், தாய்மொழிக் கல்வி, தேசியக் கலைகளின் மறுமலர்ச்சி என்பன அவர்கள் கொண்ட நோக்கங்கள். சிங்களத் தலைவர்களையும் அவர்கள் வடக்கே அழைத்துப் பேசச் செய்தனர். இங்கிலாந்திலிருந்து அண்மையில் மீண்டிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா 1926ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, சமஷ்டி ஆட்சியே இலங்கைக்கு ஏற்றது எனப் பேசியது இச்சங்கத்தின் ஆதரவிலேதான். அன்று அக்கருத்தைச் சிங்களத் தலைவர் ஒருவர் கொண்டுவந்தார். தமிழர் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. முப்பதாண்டுகளுக்குள் அவ்விருவர் நிலையும் தலைகீழாயிற்று.

1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். அவ்வருகைக்கு அழைப்பு விடுத்து உழைத்தவர்களுள் மாணவர் காங்கிரசாருக்கு முதன்மையான இடம் உண்டு. கதர் நிதிக்குப் பொருள் சேர்க்க வந்த அடிகளுடன் கஸ்தூரிபாய் அம்மையார், இராஜகோபாலாச்சாரியார், மகாதேவ தேசாய் ஆகியோரும் வந்தனர். அம்மாத இறுதி நாட்களில் யாழ்ப்பாணத்தில் தங்கிய அடிகள் கல்லூரிகள் பலவற்றுக்குச் சென்று பேசினார். தீண்டாமையையும் மதுவையும் ஒழிக்குமாறு கேட்டுக்கொண்டார். கூட்டத்துக்கு வந்து கைதட்டுவது எளிது. கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் அரிது. அன்றைய யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர இயலாது, நிலத்திலிருந்தே பாடங் கேட்டனர். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கப்படல் வேண்டுமென 1930ஆம் ஆண்டையொட்டிக் கல்விப் பகுதியினர் வற்புறுத்தியபோது எதிர்ப்பு எழுந்தது. சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. சம ஆசனம், சம போசனம் என்னும் இரண்டையும் வெளிப்படையாக ஆதரித்து நின்றோர் இளைஞர் காங்கிரசார். சொந்த உறவினரின் பகையை ஏற்காது இந்நிலையை எடுக்க அன்று எவராலும் இயலாது.

இவ்வியக்கத்தின் உச்சமும் சரிவும் ஒரே ஆண்டில் வந்தன. டொனமூர் ஆணைக்குழுவினரின் சிபார்சுப்படி புதிய அரசியலமைப்பு 1931இல் நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வயதடைந்த ஆண் பெண் எல்லார்க்கும் வாக்குரிமை தந்த அமைப்பு அது. ஆசியாவில் அதற்கு முன்மாதிரி இல்லை. எனினும் முக்கிய அதிகாரங்கள் தேசாதிபதியின் கையிலேயே விடப்பட்டன. பூரண சுயராச்சியத்துக்குக் குறைந்த எதனையும் ஏற்பதில்லை என்ற இளைஞர் காங்கிரசார், கமலாதேவி சட்டோபாத்தியாயர் கலந்துகொண்ட ஏப்பிரில் மகாநாட்டின்பின், தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு மக்களை வேண்டினர். நியமனப் பத்திரங்கள் தாக்கல் செய்யவேண்டிய மே மாதம் 4ஆந் திகதி யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை என்னும் நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் முன்வரவில்லை. ஆசிரியரும் மாணவரும் கூடி ஆரம்பித்த சங்கமொன்றின் சொல்லுக்குக் குடாநாடு முழுவதும் கட்டுப்பட்டது. தெற்கிலே இடதுசாரி மனப்பான்மை கொண்ட இளைஞர் சிலர் இதனைப் போற்றினர். போற்றியவர்கள் பின்பற்றவில்லை. ஏனைய இடங்களில் தேர்தல் நடந்தது. அரசாங்க சபை கூடியது. யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன.

இப்பகிஷ்காரத்தைக் குறித்து இரு தரப்பாரும் இன்றுவரை வாதிட்டு வருகின்றனர். அது வகுப்புவாதச் செயல் என்பது ஒரு கூற்று. இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்கியதால் மனங்கசந்த தலைவர்கள் வடக்கிலே இருந்தது உண்மையே. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவ்வரசியலமைப்பை எதிர்த்து முறையிட இலண்டன் வரை சென்று, 1930இல் காலமானார். அவர்களைப் போன்றோர் பகிஷ்காரத்துக்குத் துணைநின்றது தத்தம் காரணங்களை முன்னிட்டு. பேரின்பநாயகத்தின் காரணம் அதற்கு நேர்மாறானது: டொனமூர் திட்டம் இலங்கையருக்கு மிகக் குறைவாகக் கொடுத்தது என்பதே அவர் கட்சி. இரு வேறு நோக்கங்கள் ஒரே கதவைப் பூட்டின. பூட்டியவர் யார் என்பதைப் பின்வந்தோர் குழப்பிக்கொண்டனர்.

நோக்கம் தூயது என்பதால் விளைவை மறைத்தல் ஆகாது. வாக்குரிமை முதன்முறையாகக் கிட்டியது கூலித் தொழிலாளிக்கும், பெண்ணுக்கும், பள்ளிக்கூடத்து நிலத்திலே இருத்தப்பட்ட பிள்ளையின் தந்தைக்குமேயாம். எவருடைய சமத்துவத்துக்காக இளைஞர் காங்கிரஸ் போராடியதோ, அவர்கள் கையிலிருந்த முதல் வாக்கு அவ்விளைஞரின் தீர்மானத்தாலேயே பயனற்றுப் போயிற்று. 1934இல் இடைத்தேர்தல்கள் நடைபெறும்வரை குடாநாட்டிலே வாக்குப் பெட்டி வைக்கப்படவில்லை. அவ்விடைத்தேர்தலில் பருத்தித்துறையில் வெற்றி பெற்ற ஜி. ஜி. பொன்னம்பலம் பின்னர் ஐம்பதுக்கு ஐம்பது என்னுங் கோரிக்கையோடு தமிழரின் அரசியலைத் தம்வசப்படுத்தினார். பேரின்பநாயகம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. காற்று மாறிவிட்டதை அறிந்தும் பாயைத் திருப்ப அவர் விரும்பவில்லை. 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் வட்டுக்கோட்டையிலே போட்டியிட்டு, தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளரான கே. கனகரத்தினத்திடம் தோல்வியுற்றார்.

அரசியலிலே தோற்றவர் வகுப்பறைக்கு மீள்வது அரிதான காட்சி. பேரின்பநாயகம் வகுப்பறையை விட்டுப் பிரிந்து வாழ்ந்தவரல்லர். ஆசிரியர் சங்கங்களில் அவர் தலைமை தாங்கி உழைத்தார். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தைக் கல்லூரிகளின் நிருவாகிகள் பலர் ஐயத்தோடு நோக்கியபோது, இவர் அதனை ஆதரித்த ஆசிரியர் பக்கத்தில் நின்றார்.

1949ஆம் ஆண்டில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரை நாடி வந்தது. கிறித்தவ மிஷன் கல்லூரியிற் பயின்று அங்கேயே கற்பித்த ஒருவரைச் சைவப் பெருமக்கள் நடத்திய கல்லூரியொன்று அதிபராக்கியது. இது கல்லூரியை நடத்தியோர்க்கும் பெருமை தருவதாகும். 1910இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி, யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெருங் கல்லூரிகளின் நிழலிலே நின்றது. வசதியுள்ளோர் பிள்ளைகள் அப்பெருங் கல்லூரிகளுக்குப் போவர். சுற்றுக் கிராமத்துத் தோட்டக்காரர், சுருட்டுத் தொழிலாளர், சிறு வியாபாரிகள் ஆகியோரின் பிள்ளைகள் கொக்குவிலுக்கு வருவர். இலவசக் கல்வியின் பொருள் விளங்குவது இத்தகைய கல்லூரியிலேதான். அது மட்டுமன்று. ஆரம்ப வகுப்புகளில் 1945 முதல் தாய்மொழியே போதனாமொழியாயிருந்தது. 1953 முதல் அது மேல்வகுப்புகளுக்கு ஏறத் தொடங்கிற்று. இளமையில் மகாநாட்டு மேடையில் நிறைவேற்றிய தாய்மொழிக் கல்வித் தீர்மானத்தை, முதுமையின் வாயிலில் நேரசூசியாகவும் பாடநூலாகவும் மாற்றும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் தமிழ்ச் சொற்கள் போதாமலும், ஆங்கிலத்திற் பயின்ற ஆசிரியர்கள் தமிழிற் கற்பிக்கத் தயங்கியும் இருந்த காலத்திலே இது இலகுவான வேலையன்று. தீர்மானம் எழுதிய கை அதனை நிறைவேற்றவும் நேர்வது, அரசியல்வாதிகள் பலர்க்குக் கிட்டாத பேறு, அல்லது தண்டனை.

1960இல் அவர் இளைப்பாறினார். அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றுக்கொண்டது. அவர் அறிந்திருந்த கல்லூரி உலகம், அவர் கதவைச் சாத்தி வெளியேறிய கையோடே மறைந்தது எனலாம். 1961இல் நியமிக்கப்பட்ட தேசியக் கல்வி ஆணைக்குழுவில் அங்கத்தவராயிருந்து தம் அனுபவத்தைப் பயன்படுத்தினார். அரசியலில் அவர் கண்ட ஒற்றுமைக் கனவு 1956இன் சிங்கள மொழிச் சட்டத்தோடு பெரிதும் கலைந்துபோயிருந்தது. 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இனக் கலவரம் மூண்டு, தெற்கிலிருந்து தமிழர்கள் வடக்கே அகதிகளாய் வந்திறங்கியதைத் தம் எழுபத்தெட்டாம் வயதிலே அவர் காண நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் அவர் காலமானார்.

1980இல் வரலாற்றாசிரியர் சாந்தசீலன் கதிர்காமர் பேரின்பநாயகத்துக்கு ஒரு நினைவு நூல் வெளியிட்டார். இளைஞர் காங்கிரசின் வரலாறு முதன்முறையாக விரிவாகத் தொகுக்கப்பட்டது அந்நூலிலே. அடுத்த ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டு, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. இளைஞர் காங்கிரசைப் பற்றி எழுதுவோர் இன்று முதலில் எடுத்துப் புரட்டுவது அந்த நினைவு நூலைத்தான்.