பாதை போகும் முன் முடிந்த ஆட்டங்கள்: திருகோணமலை லீக்கிற்காக ஒரு ரசிகனின் வாதம்

கொழும்பில் ஊடகக்கற்கை படித்த காலத்தில் விடுதி நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சான், உங்கட திருமலைப் பக்கம் ஃபுட்போல் எல்லாம் இருக்கா?" யாழ்ப்பாணத்தான். துரையப்பா விளையாட்டரங்கைப் பார்த்து வளர்ந்தவன். "இருக்கு" என்றேன். அதற்கு மேல் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து இப்போது சொல்கிறேன்.

முதலில் அமைப்பு. இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் கீழ் ஊர் ஊராக லீக்குகள் இருக்கின்றன. திருகோணமலை மாவட்டத்தில் திருகோணமலை, கிண்ணியா, மூதூர் எனத் தனித்தனி லீக்குகள். கழகங்கள் தங்கள் லீக்கில் பதிவுசெய்து ஆடும். நகரத்தில் ஏகாம்பரம் மைதானமும் மக்கெய்சர் விளையாட்டரங்கும், கிண்ணியாவில் எழிலரங்கும் இந்த ஆட்டங்களைக் கண்ட இடங்கள். எஃப்.ஏ. கிண்ணம் வரும்போது இந்தச் சிறிய கழகங்களும் நாட்டின் நூற்றுக்கணக்கான கழகங்களோடு ஒரே அட்டவணைக்குள் வரும். ஆரம்பச் சுற்றுகளைத் தாண்டினால் ஏதாவது ஒரு படையணியோ கொழும்புக் கழகமோ எதிரே நிற்கும். எங்களவர்கள் பெரும்பாலும் அங்கேதான் நின்றுவிடுவார்கள். "பார்த்தியா, தரம் இல்லை" என்ற பேச்சும் அங்கேதான் தொடங்கும்.

தரம் பற்றிய குற்றச்சாட்டில் பாதி உண்மை. எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு எங்கள் பெடியளின் கால் தளரும். பின்வரிசை ஒரே கோட்டில் நிற்காது. நல்ல கோல்காப்பாளர் அரிது. இதையெல்லாம் மறுத்துக்கொண்டு ஒரு லீக்கிற்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் தரத்தை எதை வைத்து அளக்கிறோம்?

2021இல் நாட்டின் முதல் தொழில்முறைத் தொடர் என்று சுப்பர் லீக் தொடங்கியது. பத்து அணிகள். புளூ ஈகிள்ஸ் விமானப்படை, டிஃபெண்டர்ஸ் தரைப்படை, சீ ஹோக்ஸ் கடற்படை. ரெனோனும் ரட்ணமும் கொட்டாஞ்சேனை, கொழும்பு எஃப்.சி. தலைநகரம், ரெட் ஸ்டார்ஸ் பேருவளை, புளூ ஸ்டார் களுத்துறை, நியூ யங்ஸ் வென்னப்புவ, அப்கன்ட்ரி லயன்ஸ் நாவலப்பிட்டி. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஒன்றுகூட இல்லை. எண்ணிப் பாருங்கள், பத்தில் மூன்று படையணிகள்.

இதில் திருமலைக்காரனுக்கு ஒரு தனி உறுத்தல் உண்டு. கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகம் எங்கள் துறைமுகத்தில் இருக்கிறது. அதன் பயிற்சிக் கல்லூரியும் இங்கேதான். அந்தக் கடற்படையின் அணி நாட்டின் உச்ச மட்டத்தில் ஆடுகிறது. துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் அணிகள் அடிமட்டத்தில். படையணி வீரருக்கு மாதச் சம்பளம், சாப்பாடு, வைத்தியர், காலையும் மாலையும் பயிற்சி. திருக்கடலூர்ப் பெடியன் விடிய வலை இழுத்துவிட்டு, மீன் விற்றுவிட்டு, நாலு மணிக்கு மைதானத்துக்கு வருகிறான். எழுபதாவது நிமிடத்தில் கால் தளர்வதற்கு வேறு விளக்கம் தேவையா?

பணம் மட்டுமே தடை என்றும் சொல்லமுடியாது. உயர்மட்டத் தொடர்களுக்கு ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் கழக அனுமதி முறை ஒன்று இருக்கிறது. விளையாட்டு, உட்கட்டமைப்பு, ஆளணியும் நிர்வாகமும், சட்டம், நிதி என ஐந்து பிரிவுகளில் தகுதி காட்டவேண்டும். இளையோர் அணி, சான்றிதழ் பெற்ற பயிற்றுநர், கணக்காய்வு செய்த வரவுசெலவு. முறை நல்லதுதான். ஆனால் செயலாளரின் வீட்டு அலுமாரியே அலுவலகமாக இருக்கும் கழகம், அந்தப் படிவத்தின் முதல் பக்கத்தையே தாண்டாது. களத்தில் தோற்று வெளியேறுவது வேறு, படிவத்தில் தோற்பது வேறு. எங்கள் லீக்கைப் பற்றிய மதிப்பீட்டில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன.

இந்த லீக்கைப் புரிந்துகொள்ளக் கடலைப் புரியவேண்டும். வாடைக்கால மழை தொடங்கினால் மைதானத்தில் தண்ணீர் நிற்கும், ஆட்டம் இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பந்து ஒரு பக்கமாகவே போகும். நாணயச் சுழற்சியில் வென்றவர் காற்றைத்தான் தெரிவுசெய்வார். எங்கள் ஆட்டக்காரர் உயரப் பந்தை நம்பாமல் தரையோடு தட்டி ஆடுவதற்கு இதுவும் காரணம் என்பது என் எண்ணம். பிறகு நிலவு. நிலாக்காலத்தில் வெளிச்சம் வைத்துப் பிடிக்கும் மீன்பிடி மந்தம், ஆகவே ஆட்கள் கரையில் இருப்பார்கள். பௌர்ணமி என்றால் போயா விடுமுறையும்கூட. ஊர்க் கழகமொன்றின் முழுப் பலத்தைப் பார்க்க விரும்பினால் போயா நாளில் வாருங்கள். அமாவாசைக் கிழமையில் வந்து பார்த்துவிட்டுத் தரம் இல்லை என்று எழுதாதீர்கள்.

அடுத்தது பாதை. கிழக்கில் பாதை என்றால் வீதி மட்டுமல்ல, வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவையும் பாதைதான். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறந்தது. 396 மீற்றர். மூதூருக்கும் மட்டக்களப்புக்கும் போகும் வீதியில் கங்கை, இறால்குழி, உப்பாறு பாலங்கள் வந்தது 2011இல். அதற்கு முன்னர் நகரத்து அணி கிண்ணியாவுக்குப் போனால் கடைசிப் பாதைக்கு முன் ஆட்டம் முடியவேண்டும். மூதூருக்கென்றால் கொட்டியாரக்குடாவைக் கடந்து லோஞ்சில் போகவேண்டும். என் மாமா கோல்காப்பாளராக நின்றவர். மேலதிக நேரம் என்ற ஒன்றையே தான் ஆடியதில்லை என்பார். சமநிலை என்றால் நேரே தண்ட உதை, பிறகு துறைக்கு ஓட்டம். இப்போதும் எல்லாத் துறைக்கும் பாலம் வந்துவிடவில்லை. குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23 அன்று பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள்.

மாமாவிடம் ஒரு அணிப் படம் இருக்கிறது. 1980களின் தொடக்கம். பதினொருவரும் இரண்டு மாற்று ஆட்களும். படத்தைக் காட்டும்போது அவர் ஆட்டத்தைப் பற்றிப் பேசமாட்டார். இவன் ஜேர்மனி, இவன் கனடா, இவன் 1990இல் மண்டபம் முகாமுக்குப் போய்த் திரும்பவில்லை, இவனைப் பிடித்துக்கொண்டு போனது, இவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. இடது வெளிப்பக்கம் ஆடிய முஸ்லிம் நண்பர் மட்டும் இன்னும் பெருநாளுக்கு வட்டிலாப்பம் அனுப்புகிறார். ஒரு லீக்கின் தரம் தலைமுறைகளின் தொடர்ச்சியால் வருவது. மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுத்து வருவது. ஊரடங்கும் மீன்பிடித் தடையும் இடம்பெயர்வும் அந்தத் தொடர்ச்சியைப் பல தடவை அறுத்தன. 2006இல் சம்பூர் வெறுமையானது. அங்கே கடற்படை பிடித்திருந்த 177 ஏக்கர் காணி, பாடசாலையோடு சேர்த்து 2016 மார்ச்சில்தான் விடப்பட்டது. பத்து வருடம் என்பது ஒரு ஆட்டக்காரனின் முழுக் காலம்.

இந்தியாவின் மிசோரமை ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. 1966இல் தொடங்கிய ஆயுதக் கிளர்ச்சி 1986 உடன்படிக்கையோடு முடிந்த மலை மாநிலம். 2012இல் தங்களுக்கென ஒரு பிரீமியர் லீக் தொடங்கினார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சி அதைக் காட்டியது. ஐந்து வருடத்தில் ஐஸோல் எஃப்.சி., கொல்கத்தாவின் பெரிய கழகங்களைப் பின்தள்ளி 2016-17 ஐ-லீக் சம்பியனானது. அதற்கு முந்தைய பருவத்தில் தரமிறக்கப்பட்டு, பிறகு மீளச் சேர்க்கப்பட்ட அணி அது. ஆனால் இந்தியாவிலும் உச்சத் தொடரின் இடம் பின்னர் ஐ.எஸ்.எல்.லுக்குப் போனது. வென்று காட்டிய பிறகும் கதவு நகரும் என்பதற்கும் அதே ஐஸோல்தான் உதாரணம்.

எங்களிடம் ஆட்டக்காரரே இல்லையா? மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ் தேசிய அணியின் தடுப்பாட்டத்தில் நின்றவர். மாலைதீவுக் கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தபோது 2022 பெப்ரவரியில் அங்கேயே இறந்துபோனார். 2023 ஜனவரியில் சம்மேளனத் தேர்தல் சர்ச்சையும் அரச தலையீடும் காரணமாக ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை அந்தத் தடை நீடித்தது. அதன்பின் புலம்பெயர் பெற்றோரின் பிள்ளைகளைத் தேடி அழைத்து வந்தார்கள். 2024 செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்ட உதையில் வென்றபோது நானும் கத்தினேன். மெல்பேர்னிலும் ஜேர்மனியிலும் தேடுவதில் எனக்குக் கோபமில்லை. அவர்களும் எங்கள் பிள்ளைகள்தான். கொழும்பிலிருந்து மெல்பேர்னைவிட மூதூர் கிட்ட என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் எவரும் பாதியைத் தொடவில்லை. மூன்று சமூகமும் கிழமைதோறும் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடி, ஏசி, கைகொடுத்துப் போகும் இடங்கள் இங்கே அதிகமில்லை. சண்டை வருவதுண்டு, மத்தியஸ்தர் ஓட்டோவில் ஏறித் தப்பிய ஆட்டத்தையும் பார்த்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு அணிகளும் திரும்ப வந்தன.

என் தொழிலின் பங்கையும் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் ஓர் இறுதியாட்டத்தைப் பற்றி எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். இரண்டு வரி வந்தது. கோல் அடித்தவரின் பெயர் இல்லை. பெயரில்லாத ஆட்டக்காரனை எந்தத் தெரிவாளர் தேடி வருவார்? அன்றிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியில் நானே எழுதி வைக்கிறேன்: திகதி, மைதானம், பதினொருவரின் பெயர், கோல் விழுந்த நிமிடம், காற்று எந்தப் பக்கம். மூன்றாவது கொப்பி நடக்கிறது. மாமாவின் படத்தில் இருப்பவர்களின் பெயர்களை முதல் கொப்பியின் பின்னட்டையில் எழுதியிருக்கிறேன். மேல்வரிசையில் இடமிருந்து நாலாவது ஆளின் பெயர் மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. வாசிப்பவர்களில் அந்தக் காலத்தில் ஆடிய யாராவது இருந்தால், அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு வைத்திருக்கிறேன்.