கடலில் இருந்து வந்த சவால்... பிபிசி ரேடியோ 1 இளைஞர்களைப் பிடித்தது எப்படி?

இன்று போனைத் தட்டினால் எந்தப் பாட்டும் வந்துவிடும். ஆனால் 1960-களின் தொடக்கத்தில், பீட்டில்ஸ் குழு உலகையே கலக்கிக்கொண்டிருந்தபோது, பிரிட்டன் வானொலியில் பாப் பாடல்கள் அளந்துதான் கிடைத்தன. அதை மாற்றியது சட்டத்தின் பிடிக்குள் சிக்காத ஒரு போட்டி!

பாப் பாட்டுக்கு ஏன் பஞ்சம்?

அப்போது பிரிட்டனில் வானொலி நடத்தும் உரிமை மக்களின் உரிமக் கட்டணத்தில் இயங்கும் பிபிசி-க்கு மட்டுமே இருந்தது. அதன் பொழுதுபோக்குச் சேவையான 'லைட் புரோகிராம்' வீட்டில் உள்ள எல்லா வயதினருக்கும் பொதுவானது.

இன்னொரு சிக்கல், 'நீடில் டைம்'. ரேடியோவில் இசைத்தட்டுகளையே ஓட்டினால் வாத்தியக் கலைஞர்களின் வேலை போய்விடும் என அவர்களின் சங்கம் அஞ்சியது. அதனால் இசைத்தட்டு ஒலிபரப்புக்கு நேர வரம்பு இருந்தது. பல ஹிட் பாடல்களை வேறு குழுக்களை வாசிக்க வைத்துத்தான் பிபிசி ஒலிபரப்பியது.

கப்பலில் ரேடியோ

1964 மார்ச்சில் 'ரேடியோ கரோலின்' ஒலிக்கத் தொடங்கியது. நிலையம் இருந்தது நிலத்தில் இல்லை, கப்பலில்! கடல் எல்லைக்கு வெளியே நங்கூரம் போட்டதால் பிரிட்டன் சட்டம் அதைத் தொட முடியவில்லை. நாள் முழுக்கப் பாப் பாடல்கள், கலகலப்பான டிஜேக்கள். இளைஞர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அடுத்தடுத்து பல 'கடற்கொள்ளை' வானொலிகள் முளைத்தன.

1967 ஆகஸ்டில் அரசு புதிய சட்டம் கொண்டுவந்தது. இந்த நிலையங்களில் வேலை செய்வதும், விளம்பரம் கொடுப்பதும் குற்றமானது. பெரும்பாலான நிலையங்கள் மூடப்பட்டன. அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு என்ன பதில்?

எதிராளியின் பாணி, எதிராளியின் ஆட்கள்

பதில் 1967 செப்டம்பர் 30 காலை 7 மணிக்கு வந்தது. பிபிசி ரேடியோ 1 தொடங்கியது. முதலில் பேசிய டோனி பிளாக்பர்னுக்கு வயது 24. கப்பல் ரேடியோவில் இருந்து வந்தவர். ஜான் பீலும் அப்படித்தான். 'ரேடியோ லண்டன்' கப்பலுக்கு ஜிங்கிள் செய்த அதே அமெரிக்க நிறுவனத்திடமே பிபிசி-யும் ஜிங்கிள் வாங்கியது.

ஆனாலும் நீடில் டைம் வரம்பு தொடர்ந்தது. பணமும் குறைவு. அதனால் தொடக்கத்தில் பல நிகழ்ச்சிகளை ரேடியோ 2-உடன் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

நேயர்களுக்கும் வயதாகுமே!

25 ஆண்டுகள் கழித்து வேறொரு பிரச்னை. டிஜேக்களோடு சேர்ந்து நேயர்களுக்கும் வயதாகிவிட்டது. தனியார் வானொலிகளும் பாப் பாட்டு போடும்போது, மக்கள் பணத்தில் இன்னொன்று எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது.

1993-ல் பொறுப்புக்கு வந்த மேத்யூ பேனிஸ்டர் துணிந்து கை வைத்தார். பல ஆண்டுகளாகக் கோலோச்சிய டிஜேக்கள் வெளியேறினர். புதுப் பாடல்களுக்கும் புதுக் குழுக்களுக்கும் முன்னுரிமை கிடைத்தது. இதற்கு விலையும் இருந்தது: லட்சக்கணக்கான நேயர்கள் விலகிப் போனார்கள். தங்கள் பாட்டைப் போடவில்லை என்று மூத்த ராக் குழுவான 'ஸ்டேட்டஸ் கோ' 1996-ல் நீதிமன்றம் வரை போனது. தோற்றது.

2012-லும் இதே கதை. காலை நிகழ்ச்சியை நடத்திய 38 வயது கிறிஸ் மொய்ல்ஸ் இடத்துக்கு 28 வயது நிக் கிரிம்ஷா வந்தார். ஸ்டூடியோவில் கேமராக்கள் வைத்து, 'லைவ் லவுஞ்ச்' பாடல்களை யூடியூப்பிலும் ஏற்றியது ரேடியோ 1. இளைஞர்கள் இருக்கும் இடத்துக்கு ரேடியோவே போனது.

என்ன புரிகிறது?

ரேடியோ 1-ன் முக்கிய இலக்கு 15 முதல் 29 வயது வரை உள்ளவர்கள். தனியார் நிலையம் என்றால் கையில் இருக்கும் நேயரை விடாது. பொதுப் பணத்தில் இயங்கும் இளைஞர் வானொலியோ, பழைய நேயர்களை வழியனுப்பிவிட்டு அடுத்த தலைமுறைக்கு இடம் விட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அது இருப்பதற்கான காரணமே போய்விடும்.