நாலுல ஒருத்தருக்கு சுகர்: ராயபுரத்துல ஆரம்பிச்ச ஒரு கணக்கு

26.3. கிரிக்கெட் ஆவரேஜ் இல்லீங்க. புதுச்சேரியில இருபது வயசும் அதுக்கு மேலயும் இருக்கறவங்கள்ல நூத்துக்கு எத்தனை பேருக்கு சர்க்கரை நோய் இருக்குங்கற கணக்கு. 2023 ஜூன் மாசம் லான்செட் குழும இதழ் ஒண்ணுல வெளியான ஆய்வு சொன்ன நம்பர். கோவா 26.4னு முதலிடம். வெறும் 0.1 வித்தியாசத்துல நாம ரெண்டாவது. மூணாவதா கேரளா, 25.5. மொத்த இந்தியாவுக்கும் சராசரி 11.4 தான்.

கோவா, புதுச்சேரி, கேரளானு வரிசையைப் பார்த்ததும் "அட, சரக்கு மேட்டர்ப்பா இது"ன்னு சிரிக்கத் தோணும் :-) ஆனா ஒரு லிஸ்ட்டை மட்டும் வெச்சு அப்படி முடிவு கட்ட முடியாது. ஆய்வுல தெளிவாத் தெரியற விஷயம் வேற. இந்திய நகரங்கள்ல 16.4 சதவீதம், கிராமங்கள்ல 8.9 சதவீதம். 2011 கணக்கெடுப்புப்படி புதுச்சேரி மக்கள்ல 68 சதவீதம் பேர் நகரவாசிங்க.

சரி, இந்த நம்பரை எண்ணினது யாரு? எதுக்கு எண்ணினாங்க? அதைத்தான் இங்க எழுதப் போறேன். கதை நம்ம ஊர்ல ஆரம்பிக்கல, சென்னை ராயபுரத்துல ஆரம்பிக்குது.

டாக்டர் எம். விஸ்வநாதன் 1954ல ராயபுரத்துல ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினார். சர்க்கரை வியாதின்னாலே பணக்காரங்க வியாதி, வயசானவங்க வியாதின்னு நம்பின காலம் அது. அதுக்குன்னு தனியா ஒரு டாக்டர், தனியா ஒரு ஆஸ்பத்திரிங்கறதே புதுசு. 1972ல ஆராய்ச்சி மையமும் வந்தது. இந்திய நீரிழிவு மருத்துவத்தோட தந்தைன்னு அவரைச் சொல்றாங்க.

அதே 1972ல தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) நாட்டுல பல இடங்கள்ல முதல் பெரிய கணக்கெடுப்பையும் ஆரம்பிச்சது. 1975 வரைக்கும் நடந்தது. ரிசல்ட்? நகரத்துல 2.1 சதவீதம், கிராமத்துல 1.5 சதவீதம். அப்ப டெஸ்ட் பண்ணின முறை வேற, அதனால இன்னிக்கு நம்பரோட நேரா ஒப்பிடறது சரியா வராது. ஆனாலும் "நமக்கு இது பெரிய பிரச்சனை இல்ல"ன்னு நாடு நினைச்சதுல ஆச்சரியம் இல்ல.

விஸ்வநாதனோட மகன் டாக்டர் வி. மோகன். மருத்துவ மாணவரா இருக்கும்போதே அப்பாவோட ஆராய்ச்சியில சேர்ந்துட்டவர். 1991ல மனைவி டாக்டர் ரேமா மோகனோட சேர்ந்து தனியா ஒரு மையம் தொடங்கினார். 1996ல சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம். 2001ல அந்த நிறுவனம் சென்னையில வீடு வீடாப் போக ஆரம்பிச்சது. முதல் கட்டத்துல மட்டும் 26,001 பேர்.

ஏன் வீடு வீடா? ஆஸ்பத்திரியில லட்சம் பேரோட ரெக்கார்டு இருக்குமே, அதை எண்ணினாப் போதாதா? போதாது. நம்ம பாஷையில சொல்லணும்னா, ஆஸ்பத்திரி ரெக்கார்டுங்கறது கஸ்டமர் போன் பண்ணிச் சொன்ன பக் லிஸ்ட் மாதிரி. போன் பண்ணாத கஸ்டமர்கிட்ட சாஃப்ட்வேர் ஒழுங்கா ஓடுதுன்னு அர்த்தமில்ல. சுகர் ஆரம்பத்துல வலிக்காது, காய்ச்சல் வராது. தனக்கு இருக்குன்னே தெரியாதவன் ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வரப்போறான்? அவனைக் கண்டுபிடிக்கணும்னா அவன் வீட்டுக் கதவைத் தட்டினாத்தான் உண்டு.

தட்டினப்ப வந்த நம்பர்கள் இது. சென்னையில 1989ல எடுத்த கணக்குல 8.3 சதவீதம். 1995ல 11.6. 2000ல 13.5. மோகன் குழு 2003-04ல எடுத்தப்ப 14.3. பதினாலு பதினஞ்சு வருஷத்துல 70 சதவீதத்துக்கு மேல ஏறிடுச்சு. அவ்வளவு சீக்கிரம் நம்ம ஜீன் மாறாது. சாப்பாடும் வேலையும் நடையும் மாறும்.

இங்க இன்னொரு குழப்பம். வெளிநாட்டுப் புத்தகத்துல படிச்சா, இந்த வகை சர்க்கரை நோய் குண்டா இருக்கறவங்களுக்கு வர்றது. ஆனா நம்ம ஊர் நோயாளிகள்ல நிறைய பேர் பார்க்க ஒல்லி. எப்படி?

இதுக்கு புனே கே.இ.எம். மருத்துவமனை டாக்டர் சி.எஸ். யாஜ்னிக் 2004ல லான்செட்ல ஒரு அருமையான படம் போட்டார். ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க. ஒருத்தர் யாஜ்னிக், இன்னொருத்தர் இங்கிலாந்து டாக்டர் ஜான் யுட்கின். உயரத்தையும் எடையையும் வெச்சுப் போடற பி.எம்.ஐ கணக்கு ரெண்டு பேருக்குமே 22.3. ஆனா உடம்புல கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! எடை மெஷின் ஒரே பதில் சொல்லுது, உள்ள இருக்கற சரக்கு வேற.

அந்தக் கொழுப்பு எங்க சேருதுங்கறது தான் விஷயமே. 1947லயே பிரான்ஸ்ல மர்சேய் நகரத்து ஹார்மோன் நிபுணர் ழான் வாக் இதைச் சொல்லிட்டார். இடுப்புக்குக் கீழ தொடைப் பக்கம் சேர்ற கொழுப்பை விட உடம்பு மேல்பகுதியில சேர்ற கொழுப்புதான் ஆபத்து, சர்க்கரை நோயும் ரத்தநாள நோயும் அதோட வருதுன்னார். ரொம்ப வருஷம் யாரும் பெருசாக் கண்டுக்கல. வயித்துக்குள்ள, ஈரலைச் சுத்தி சேர்ற கொழுப்பு இன்சுலினை வேலை செய்ய விடாது. கணையம் இன்சுலின் சுரக்கும், ஆனா உடம்பு அதுக்குக் கீழ்ப்படியாது. கணையம் இன்னும் சுரந்து சுரந்து ஒருநாள் களைச்சுப் போகும். கையும் காலும் குச்சி, நடுவுல மட்டும் ஒரு பானைன்னு இருக்கற நம்ம ஆளுங்களுக்கு ஆபத்து இங்கதான் இருக்கு.

மோகன் குழு இதை வெச்சு 2005ல ஒரு எளிய கணக்கு வெளியிட்டாங்க. இந்திய நீரிழிவு அபாய ஸ்கோர். ஊசி வேண்டாம், லேப் வேண்டாம். நாலே கேள்வி:

1. வயசு: 35க்குக் கீழ 0, 35 முதல் 49 வரை 20, 50ம் அதுக்கு மேலயும் 30.
2. வயித்துச் சுற்றளவு: ஆம்பளைங்களுக்கு 90 செ.மீ.க்குக் கீழ 0, 90 முதல் 99 வரை 10, 100ம் அதுக்கு மேலயும் 20. பொம்பளைங்களுக்கு 80க்குக் கீழ 0, 80 முதல் 89 வரை 10, 90ம் அதுக்கு மேலயும் 20.
3. உடற்பயிற்சி, உடல் உழைப்பு ரெண்டும் இருந்தா 0, ஏதாவது ஒண்ணு இருந்தா 20, ரெண்டுமே இல்லேன்னா 30.
4. அப்பா அம்மாவுக்கு சுகர் இல்லேன்னா 0, ஒருத்தருக்கு இருந்தா 10, ரெண்டு பேருக்கும்னா 20.

கூட்டினா 60 அல்லது அதுக்கு மேல வந்தா அதிக ஆபத்து. (சுகர் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, உடனே ரத்தம் கொடுத்து டெஸ்ட் பண்ணிக்கோன்னு அர்த்தம்.)

இப்ப நம்ம துறை ஆளு ஒருத்தனை எடுத்துப்போம். வயசு 28, அதுக்கு 0. வயிறு 92 செ.மீ., அதுக்கு 10. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நாற்காலி, அதுக்கு 30. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சுகர், அதுக்கு 20. மொத்தம் 60. முப்பது வயசுகூட ஆகல, சார் சிவப்புக் கோட்டுல நிக்கறார். எங்க வீட்டுலயும் அப்பா, அம்மா ரெண்டு பேருமே மாத்திரை போடறவங்க. அதனால இந்தக் கூட்டலை என்னால வேடிக்கை பார்க்க முடியல.

நாலு கேள்வியில வயசையும் பெத்தவங்களையும் மாத்த முடியாது. மீதி ரெண்டு நம்ம கையில. மாத்தினா பலன் உண்டான்னு கேட்டா, சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006ல பதில் சொல்லிட்டாங்க. சுகர் வர்ற வாசல்ல நின்ன 531 பேரை எடுத்துக்கிட்டாங்க. எந்த மாற்றமும் செய்யாத குழுவுல மூணு வருஷத்துல 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்துடுச்சு. சாப்பாடு, நடைன்னு மாத்தினவங்கள்ல 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 40.5. அதாவது நடையும் மாத்திரையும் கிட்டத்தட்ட ஒரே பலன். நடைக்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்ல.

அப்புறம்தான் நம்ம ஊர் வர்ற பெரிய கணக்கு. ஐ.சி.எம்.ஆர் ஆதரவோட 2008 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2020 டிசம்பர்ல முடிஞ்சது. 1,13,043 பேர். ஒவ்வொரு மாநிலமாப் போய், விரல்ல குத்தி, குளுக்கோஸ் தண்ணி குடிக்க வெச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி குத்தி, டேப் வெச்சு வயித்தை அளந்து எடுத்த டேட்டா. கட்டுரையோட முதல் பெயர் டாக்டர் ஆர்.எம். அஞ்சனா, மோகனோட மகள். தாத்தா, அப்பா, பேத்தின்னு மூணு தலைமுறையா ஒரே கேள்வியைத் துரத்தியிருக்காங்க. ஆசிரியர் குழுவுல நம்ம ஜிப்மர்ல ரொம்ப காலம் பேராசிரியரா இருந்த டாக்டர் அசோக் குமார் தாஸும் உண்டு. ஜிப்மரோ 1823ல பிரெஞ்சுக்காரங்க இங்க ஆரம்பிச்ச மருத்துவப் பள்ளியோட வாரிசு.

இந்தக் கணக்குப்படி இந்தியாவுல சர்க்கரை நோயாளிங்க 10 கோடியே 10 லட்சம். வாசல்ல நிக்கறவங்க 13 கோடியே 60 லட்சம். உடம்பு மொத்தமா குண்டுங்கறவங்க 28.6 சதவீதம், வயிறு மட்டும் அளவு தாண்டினவங்க 39.5 சதவீதம். கவனிச்சீங்களா? எடை மெஷின்ல பாஸ் ஆகி டேப்புல ஃபெயில் ஆகறவங்க தான் இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்காங்க.

கடைசியா ஒரு வேலை. பேண்ட் சைஸை வெச்சு முடிவு பண்ணாதீங்க, நாம எல்லாரும் பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழதானே போடறோம் :-) கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்சை இழுத்துப் பிடிக்காம அளக்கணும். டேப் இல்லேன்னா தெருமுனை டெய்லர் அண்ணன்கிட்ட கேளுங்க, காசு வாங்க மாட்டார். கூட்டிப் பார்த்து 60 வந்தா அடுத்த நாள் காலையில வெறும் வயித்தோட லேப்புக்குப் போங்க. வரலேன்னாலும், கடற்கரைச் சாலையில சாயங்காலம் வண்டியெல்லாம் விடமாட்டாங்க. அவ்வளவு அழகான ரோடு நடக்கறதுக்குன்னே இருக்கு.