முதல் மாத்திரை காஷுவாலிட்டியிலேயே

அபினி வகை வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொண்டு மூச்சடங்கிப்போன ஒருவனை உச்சிப்புளியிலிருந்து 108 வண்டி ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனால், உயிரை மீட்க நலாக்சோன் ஊசி இருக்கிறது. சில நிமிடங்களில் கண் திறப்பான். பிறகுதான் அவன் பாடு தொடங்கும். ஓயாத கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிப்பு, காலை முறுக்கும் வலி. "போதை மறுவாழ்வு மையத்துல காட்டுங்க" என்று சீட்டெழுதி அனுப்புவதே உலகெங்கும் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. வலி தாங்காதவன் மாத்திரை விற்பவனைத்தான் தேடிப் போவான்.

இதற்கு மாற்று வழி காட்டிய மருந்து 1966-இல் பிறந்தது. இங்கிலாந்தின் ஹல் நகரில், ரெக்கிட் நிறுவனத்தின் ஜான் லூயிஸ் அடிமையாக்காத வலி மருந்தொன்றைத் தேடினார். அபினிச் செடியின் தீபெய்ன் என்ற வேதிப்பொருளிலிருந்து கிடைத்தது புப்ரெனார்ஃபின். இதை அடிமைநோய்க்கே மருந்தாக்கலாம் என்று 1978-இல் அமெரிக்காவில் டொனால்ட் ஜசின்ஸ்கி எடுத்துச் சொன்னார். ஹெராயின் பற்றும் அதே ஏற்பியை (receptor) இது இறுகப் பற்றும், ஆனால் அரைகுறையாகவே தூண்டும். தவிப்பு அடங்கும், ஓர் அளவுக்கு மேல் டோஸைக் கூட்டினாலும் மூச்சை அமுக்குவது அதிகரிக்காது.

டெல்லி எய்ம்ஸ் 1990-களிலேயே இதைக் கொடுத்தது. சென்னையில் இதையே ஊசியாகப் போட்டுச் சீரழிந்தவர்களும் உண்டு, கட்டுப்பாடு அவசியம்தான்.

அவசரப் பிரிவுக்கு இது வந்தது யேல் பல்கலைக்கழகத்தின் கெயில் டொனொஃப்ரியோ குழுவால். 329 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். சிலருக்குச் சீட்டு மட்டும், சிலருக்குச் சீட்டோடு அறிவுரை, மற்றவர்களுக்கு அங்கேயே புப்ரெனார்ஃபின். முப்பதாம் நாள் சிகிச்சையில் நீடித்தவர்கள் முறையே 37, 45, 78 சதவீதம். 2015-இல் வெளியான இந்த முடிவைப் படித்த பின்னும் வெறும் சீட்டோடு அனுப்ப எனக்கு மனம் ஒப்பாது.

கொடுப்பதில் ஒரு பக்குவம் உண்டு. தவிப்பு நன்றாகத் தலைகாட்டும்வரை பொறுக்க வேண்டும். முந்தினால் உடம்பிலுள்ள போதையை இது சட்டென்று தள்ளிவிட்டு வேதனையைக் கூட்டும். மாத்திரையை நாக்குக்கடியில் வைத்து, விழுங்காமல், அது கரையும்வரை பேசாமல் இருக்க வேண்டும்.

இந்த ராமநாதபுரக் கடலோரத்தில் கடத்தல் சரக்கு பிடிபட்டால் மறுநாளே செய்தி. அந்தச் சரக்குக்கு அடிமையானவனுக்கு என்ன வைத்திருக்கிறோம்? தமிழக அரசு 2025-இல் 25 'கலங்கரை' போதை மீட்பு மையங்களைத் திறந்தது நல்ல தொடக்கம். ஆனால் நோயாளி நள்ளிரவிலும் வருவான். டூட்டி டாக்டருக்குப் பயிற்சி, பூட்டிய அலமாரியில் சில பட்டை மாத்திரை, விடிந்ததும் போய்ச் சேர ஒரு மையம், அதுவரை கூட வர ஓர் ஆள். கடலோர மாவட்டங்களின் ஒவ்வொரு காஷுவாலிட்டிக்கும் இவற்றைக் கேட்கிறேன்.